மஞ்சள் மாறாத பச்சைப்பிள்ளை: மலையகத்து வார்ட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

மஞ்சளோடு வரும் பிள்ளையின் வயதை வாரத்தில் எழுதாதீர்கள், நாளில் எழுதுங்கள். வார்ட்டில் முதல் நாளே பழகிக்கொள்ள வேண்டியது இதுதான். 'மூன்று வாரம்' என்று எழுதினால் அது 21ஆம் நாளாகவும் இருக்கலாம், 27ஆம் நாளாகவும் இருக்கலாம். மற்ற நோய்களில் அந்த ஆறு நாள் பெரிய விஷயமில்லை. இங்கே அந்த ஆறு நாளில் ஒரு பிள்ளையின் ஈரல் போய்விடலாம். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

தோட்டங்களைச் சுற்றியுள்ள வைத்தியசாலைகளுக்குப் புதிதாக வரும் டொக்டர்மார், தாதியர், லயங்களுக்கு ஏறி இறங்கும் குடும்பநல மாதர் ஆகியோருக்காக எழுதுகிறேன். பாடநூலில் பித்தத்தேக்க நோய்கள், அதாவது பித்தநீர் ஈரலிலிருந்து குடலுக்கு ஒழுங்காக இறங்காமல் தேங்கும் நோய்கள், ஒரு நீண்ட அட்டவணையாக இருக்கும். ஐம்பது, அறுபது பெயர்கள். அந்த அட்டவணையை மேலிருந்து கீழே படித்தால் பிள்ளையின் முன்னால் நிற்கும்போது ஒன்றும் ஞாபகம் வராது. கேள்விகளின் ஒழுங்கு தெரிந்தால் போதும்: எதை முதலில் கேட்பது, எதற்கு இன்றே பதில் வேண்டும், எது ஒரு மாதம் பொறுக்கும் என்று.

முதலில் வெளிச்சம்

லயக்காம்பராவில் மஞ்சள் தெரியாது. ஜன்னல் சின்னது, பல்பு மஞ்சள் வெளிச்சம், வெளியே மழையும் பனியும். பிள்ளைக்குக் கம்பளித் தொப்பி, கையுறை, காலுறை, மேலே இரண்டு சால்வை. மூக்கும் வாயும்தான் வெளியே தெரியும். தீட்டுக் கழியும்வரை தாயும் பிள்ளையும் உள்ளேயே இருப்பார்கள். நுவரெலியாக் குளிருக்கு அது நியாயமும்கூட. நானும் அப்படிப்பட்ட ஒரு காம்பராவில் பிறந்தவன்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மஞ்சளைப் பார்க்கப் போகிறவர் பிள்ளையை வாசலுக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். பகல் வெளிச்சத்தில் தொப்பியைக் கழற்றி, கண்ணின் வெள்ளையையும் முரசையும் பாருங்கள். நம் பிள்ளைகளின் தோல் நிறத்தில் நெற்றியை அழுத்திப் பார்ப்பது மட்டும் போதாது. உறங்கும் பிள்ளையின் கண்ணைத் திறக்கக் கையால் மல்லுக்கட்ட வேண்டாம். தாயின் மார்பில் வைத்துப் பால் குடிக்க ஆரம்பித்தால் தானாகவே கண் விழிக்கும்.

பிறந்து இரண்டு மூன்று நாளில் வந்து, இரண்டு வாரத்துக்குள் மறைவது சாதாரண மஞ்சள். மாதம் நிறைந்த பிள்ளைக்கு 14ஆம் நாளுக்குப் பிறகும் மஞ்சள் இருந்தால் அதற்கு ஒரு இரத்தப் பரிசோதனை வேண்டும். நன்றாகப் பால் குடித்து, எடை கூடி, மலமும் மூத்திரமும் ஒழுங்கான நிறத்தில் இருக்கும் தாய்ப்பால் பிள்ளைக்கு 21ஆம் நாள்வரை பொறுக்கலாம். அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. குடும்பநல மாதருக்கு நான் எப்போதும் சொல்வது, மூன்றாவது வாரத்தில் போகும் வீட்டுப் பார்வையை மட்டும் எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடாதீர்கள் என்பதுதான். அதை விட்டால் பிள்ளையை ஒரு சுகாதார ஆள் முழுதாகக் கழற்றிப் பார்ப்பது இரண்டாம் மாதத் தடுப்பூசிக்குத்தான் என்றாகிவிடும். இரண்டு மாதம் என்பது 60 நாள். அந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு துணி

மஞ்சள் பிள்ளையைக் கொண்டுவந்தால் நான் முதலில் கேட்பது பிள்ளையை அல்ல, அது கட்டியிருந்த துணியை.

பச்சைப்பிள்ளையின் மூத்திரம் தண்ணீர் மாதிரி இருக்கும், துணியில் கறை விழாது. துவைத்த பிறகும் துணியில் மஞ்சள் கறை நிற்கிறது என்று தாய் சொன்னால் அது பெரிய தடயம். "பிளேன்டீ மாதிரி போகுதுங்க ஐயா" என்று ஒரு அம்மா எனக்குச் சொன்னார். அந்த நிறத்தை அதைவிடச் சரியாக எந்தப் பாடநூலும் எழுதவில்லை. மஞ்சள் நிறத்தைத் தருவது பிலிருபின் என்ற பொருள். அதில் ஈரல் பதப்படுத்தி முடித்த பங்குதான் நேரடி பிலிருபின். அது தண்ணீரில் கரையும், அதனால் சிறுநீரில் இறங்கும். சாதாரண மஞ்சளில் கூடும் மற்ற பிலிருபின் அப்படி இறங்காது. ஆகவே, கறை விழுகிறதா என்ற ஒரு கேள்வியிலேயே பாதிப் பரிசோதனை முடிந்துவிடுகிறது.

மலம் இன்னும் முக்கியம். தாய்ப்பால் பிள்ளையின் மலம் பருப்புக்கறி நிறம், சில நேரம் பச்சை. இரண்டும் நல்லது. பித்தநீர் குடலுக்கு வராவிட்டால் மலம் வெளுக்கும்: ரொட்டிக்குப் பிசைந்த கோதுமை மா, சுண்ணாம்பு, சாம்பல் கலந்த களிமண். இந்த மூன்றையும் தாய்க்குச் சொல்லிக் கேளுங்கள், உடனே புரிந்துகொள்வார்கள்.

ஆனால் கேட்டு மட்டும் எழுதிவிடாதீர்கள். இதில் நான் ஒரு முறை தவறிவிட்டேன். நான் வேலை பழகிய காலம், ஒரு வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவு. 26ஆம் நாள் பெண்பிள்ளை, பிறந்தபோது 3 கிலோ, கன்னம் உப்பி, நன்றாகச் சிரிக்கும் முகம். "வெளிக்கு என்ன நிறமா போகுது?" என்றேன். "மஞ்சளாத்தாங்க போகுது." எழுதினேன்: தாய்ப்பால் மஞ்சள், வீட்டுக்குப் போகலாம். அவர்கள் திரும்பி வந்தது தடுப்பூசிக்கு வந்த நாளில். அன்று துணியோடு கேட்டு வாங்கிப் பார்த்தேன். மேலே மெல்லிய மஞ்சள் படலம். ஒரு குச்சியால் பிரித்துப் பார்த்தேன், உள்ளே வெள்ளை. மஞ்சள் ஏறிய குடற்தோலின் செல்கள் உதிர்ந்தும், பக்கத்தில் மூத்திரம் பட்டும் வெளிப்புறம் மஞ்சளாகத் தெரியும். அந்த அம்மா பொய் சொல்லவில்லை. நான்தான் பார்க்கவில்லை.

அதிலிருந்து என் பழக்கம் இது. மூன்று வேளை மலத்தை, வெவ்வேறு நாளில், பிரித்துப் பார்ப்பேன். ஒரு நாள் நிறம் இருந்தது என்று விட்டுவிட மாட்டேன், ஏனென்றால் பித்தநாளம் மெதுவாக அடைபடும் பிள்ளைக்கு மூன்றாம் வாரம் மலம் மஞ்சளாக இருந்து ஐந்தாம் வாரம் வெளுக்கலாம். பிறந்ததும் போகும் கறுத்த மலம் ஒழுங்காக இருந்தது என்பதும் எதையும் உறுதிப்படுத்தாது. தூரத்தில் இருக்கும் தாய் வட்ஸ்அப்பில் படம் அனுப்பினால், பகல் வெளிச்சத்தில், துணிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கொப்பித்தாளை வைத்து எடுக்கச் சொல்லுங்கள். மஞ்சள் பல்புக்குக் கீழே எடுத்த படத்தில் எல்லா மலமும் மஞ்சள்தான். தாய்வானில் 2004இல் இருந்து நாடு முழுவதும் மல நிற அட்டை கொடுத்துத் தாய்மாரையே பார்க்க வைத்தார்கள். சத்திரசிகிச்சைக்குப் பிள்ளைகள் முன்னதாகவே வந்து சேர்ந்தன. யந்திரம் ஒன்றும் தேவைப்படவில்லை.

பிலிருபின் இரண்டு எண்

இரத்தம் எடுக்கும்போது 'பிலிருபின்' என்று மட்டும் போர்மில் எழுதினால் மொத்தம் மட்டும் வரும். மொத்தமும் நேரடியும் என்று பிரித்து எழுதுங்கள். நேரடி பிலிருபின் ஒரு டெசிலீற்றருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல், அதாவது ஒரு லீற்றருக்கு 17 மைக்ரோமோலுக்கு மேல் இருந்தால் அது பித்தத்தேக்கம். மொத்தம் எவ்வளவு என்பதைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்ளக் கூடாது. மொத்தம் 8, நேரடி 3 உள்ள பிள்ளை பார்வைக்கு லேசான மஞ்சள்தான். மொத்தம் 15, நேரடி 0.5 உள்ள தாய்ப்பால் பிள்ளை எலுமிச்சை மாதிரி இருக்கும். பயப்பட வேண்டியது முதலாவதுக்கு.

இரத்தம் எடுத்த குழாயை வெளிச்சம் படாமல் மூடி அனுப்புங்கள், கறுப்புத்தாள் சுற்றினாலும் போதும். வெளிச்சத்தில் பிலிருபின் சிதைந்து எண் குறைந்து வரும். சின்ன விஷயம்தான், ஆனால் ஆய்வுகூடம் இன்னொரு ஊரில் இருக்கும்போது குழாய் அரை நாள் ஜன்னலோரம் கிடக்கும்.

நேரடி பிலிருபின் கூடிய பிள்ளையை லைட்டுக்குக் கீழே வைப்பதால் பயனில்லை. தோல் சாம்பல் கலந்த பழுப்பாக மாறி எல்லோரையும் பயமுறுத்தும். காலை வெயிலில் காட்டுவதும் அப்படித்தான். மலையில் வெயில் வரும் நாளுக்காகக் காத்திருந்தே ஒரு வாரம் போய்விடும்.

இன்றே பார்க்க வேண்டியவை

பித்தத்தேக்கம் என்று தெரிந்ததும் நோயின் பெயரைத் தேடி ஓடாதீர்கள். பிள்ளை சுகமாகத் தெரிகிறதா, சுகமில்லாமல் தெரிகிறதா? வழி அங்கேதான் பிரிகிறது.

பால் குடிக்காத, வாந்தி எடுக்கும், சோர்ந்த, காய்ச்சலான அல்லது உடல் குளிர்ந்த பிள்ளைக்கு முதலில் கிருமித்தொற்று. இரத்தமும் சிறுநீரும் கல்ச்சருக்கு எடுத்துவிட்டு மருந்தைத் தொடங்குங்கள். சிறுநீர்த்தொற்று மஞ்சளை மட்டுமே காட்டிக்கொண்டு வரலாம், காய்ச்சல்கூட இருக்காது.

ஈ.கோலை கிருமி இரத்தத்தில் வளர்ந்தால் மனதில் இன்னொரு மணி அடிக்க வேண்டும்: கலக்டோசீமியா. பாலில் உள்ள கலக்டோஸ் என்ற சீனியை உடைக்க முடியாத பிள்ளை. பால் குடிக்கத் தொடங்கிய சில நாளில் வாந்தி, மஞ்சள், குளுக்கோஸ் இறக்கம், இரத்தம் உறையாமை, கண்ணில் புரை. சிறுநீரில் குளுக்கோஸ் பட்டி வெறுமையாக இருந்தும் ஒடுக்கும் சர்க்கரை (கலக்டோஸ் போன்ற சீனி) இருந்தால் சந்தேகம் பலக்கும். ஆனால் பிள்ளை பால் குடித்துக்கொண்டிருக்கும்போது எடுத்த சிறுநீராக இருக்க வேண்டும். இரண்டு நாள் சேலைனில் கிடந்த பிள்ளையின் சிறுநீர் ஒன்றும் சொல்லாது. நொதிப் பரிசோதனைக்கான இரத்தத்தை, பிள்ளைக்கு இரத்தம் ஏற்றும் முன் எடுங்கள். ஏற்றிய பிறகு எடுத்தால் இரத்தம் கொடுத்தவரின் நொதியைத்தான் அளப்பீர்கள். சந்தேகம் வந்த அன்றே தாய்ப்பாலையும் பசுப்பால் மாவையும் நிறுத்திச் சோயாப்பால் மாவுக்கு மாற்ற வேண்டும். நம் நாட்டில் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லும் மிகச் சில நோய்களில் இது ஒன்று. மற்ற எந்தப் பித்தத்தேக்கப் பிள்ளைக்கும் 'பால்தான் காரணம்' என்று சொல்லித் தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள்.

இரத்தம் உறையும் நேரம் ஈரலின் மற்ற எண்களுக்குப் பொருந்தாத அளவுக்குக் கெட்டிருந்தால் டைரோசினீமியாவை, அதாவது டைரோசின் என்ற அமினோ அமிலத்தை உடைக்க முடியாத பரம்பரை நோயை, நினையுங்கள். அதற்கு மருந்து இருக்கிறது. பிறந்த முதல் நாட்களிலேயே ஈரல் செயலிழந்த பிள்ளை வேறு வகுப்பு. அதற்கு இங்கே இடமில்லை, உடனே பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்.

அடுத்தது பலர் தவறவிடும் ஒன்று. குதிக்காலில் குத்தி எடுத்த தைரொயிட் பரிசோதனை சரி என்று கொப்பியில் இருந்தால் அதோடு நின்றுவிடாதீர்கள். அந்தப் பரிசோதனை அளப்பது மூளையின் கீழ்ச்சுரப்பி அனுப்பும் ஹோமோனை. அந்தச் சுரப்பியே வேலை செய்யாவிட்டால் எண் சாதாரணமாகத்தான் வரும். மஞ்சளோடு குளுக்கோஸ் அடிக்கடி இறங்குகிறது, ஆண்பிள்ளைக்கு ஆண்குறி மிகச் சிறிதாக இருக்கிறது என்றால் கோர்ட்டிசோலும் தைரொக்சினும் சேர்த்துப் பாருங்கள். ஹோமோன் கொடுத்தால் ஈரல் தானாகச் சீராகும், கொடுக்காவிட்டால் ஒரு சாதாரணக் காய்ச்சலே பிள்ளையைக் கொண்டுபோகும்.

கடைசியாக இரத்தக்கசிவு. பித்தநீர் இல்லாமல் குடல் வைட்டமின் கே-யை உறிஞ்சாது. பிறந்தபோது போட்ட ஊசியின் பலன் சில வாரத்தில் குறையும். தொப்புளில் கசிவு, ஊசி குத்திய இடத்தில் நிற்காத இரத்தம், காரணமில்லாத கன்றல் இவையெல்லாம் தலைக்குள் கசிவதற்கு முன்வரும் எச்சரிக்கை. பித்தத்தேக்கம் என்று தெரிந்த ஒவ்வொரு பிள்ளைக்கும், வேறெந்த முடிவுக்கும் காத்திராமல், வைட்டமின் கே கொடுங்கள். ஐ.என்.ஆர் (இரத்தம் உறைவதை அளக்கும் எண்) முன்பு ஒன்று, ஊசி போட்டுச் சில மணி நேரம் கழித்து ஒன்று. இரண்டாவது சீரானால் குறை உறிஞ்சலில், சீராகாவிட்டால் ஈரலின் சக்தியே குறைந்திருக்கிறது. ஒரே ஊசி, மருந்தும் அதுவே, பரிசோதனையும் அதுவே.

சுகமான பிள்ளை, வெளுத்த மலம்

இனிதான் உண்மையான பொறி. சோர்ந்த பிள்ளையை யாரும் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். நல்ல எடை, நல்ல பால், நல்ல உறக்கம் உள்ள மஞ்சள் பிள்ளையைத்தான் நாம் அனுப்பிவிடுகிறோம். பிலியரி அட்ரீசியா அப்படித்தான் வரும். ஈரலுக்கு வெளியே உள்ள பித்தநாளம் வீங்கி, தழும்பாகி, அடைபட்டுப்போகும் நோய் அது. பித்தத்தேக்கம் உலக அளவில் ஏறத்தாழ 2500 பிறப்புக்கு ஒன்று, அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இந்த நோய்தான். ஆகவே வேறொன்று என்று நிரூபிக்கும்வரை வெளுத்த மலம் உள்ள பிள்ளைக்கு இதுதான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானின் செண்டாய் நகரில் மொரியோ கசாய் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1955இல் முதன்முதலாகச் செய்த ஒப்பரேஷன்தான் இன்றும் கைகொடுக்கிறது. தழும்பான நாளத்தை வெட்டி எடுத்து, குடலின் ஒரு துண்டை ஈரலின் வாசலில் நேராகத் தைப்பார்கள். உள்ளே உள்ள சிறு நாளங்கள் இன்னும் திறந்திருந்தால் பித்தநீர் அதில் இறங்கும். 60 நாளுக்குள் செய்தால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பிள்ளைக்குப் பித்தநீர் ஓடும், 30க்கும் 45க்கும் இடையில் செய்தால் இன்னும் நல்லது. 90 நாள் தாண்டினால் வாய்ப்பு மிகவும் குறையும். ஒன்றுமே செய்யாவிட்டால் பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு வயதைக் காண்பதில்லை. ஒப்பரேஷன் நன்றாக நடந்தவர்களிலும் பலருக்குப் பின்னால் ஈரல் மாற்ற வேண்டி வரும். அதைக் குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஒரு எச்சரிக்கை. 'கசாய் ஒப்பரேஷன்' என்று வேகமாகச் சொல்லிவிட்டு நகராதீர்கள். ஒரு பாட்டி என்னிடம் நிம்மதியோடு கேட்டார்: "கசாயம் குடுத்தா சரியாயிருமாங்கய்யா?" அது ஒரு ஆளின் பெயர், வயிற்றைத் திறந்து செய்யும் வேலை என்று உட்கார்ந்து சொல்ல வேண்டியிருந்தது. அதிலிருந்து நான் அந்தப் பெயரைக் குடும்பத்திடம் சொல்வதில்லை. 'ஈரலையும் குடலையும் இணைக்கிற ஒப்பரேஷன்' என்றுதான் சொல்வேன்.

பரிசோதனைகளில் என்ன பார்ப்பது? ஈரல் கெட்டியாகக் கையில் படும். மண்ணீரல் ஆரம்பத்தில் பெருக்காது, மூன்றாம் வாரத்திலேயே பெரிய மண்ணீரல் என்றால் கருவிலேயே வந்த தொற்றையோ சேமிப்பு நோயையோ (உடைக்க முடியாத பொருட்கள் செல்களில் சேரும் பரம்பரை நோய்) நினையுங்கள். பித்தநாளம் பாதித்தால் இரத்தத்தில் ஏறும் ஈரல் நொதியான ஜி.ஜி.டி கூடும், பெரும்பாலும் 200க்கு மேல். பச்சைப்பிள்ளைகளுக்கு இந்த எண் சாதாரணமாகவே பெரியவர்களைவிடப் பல மடங்கு இருக்கும் என்பதால் ஆய்வுகூடத்தாளில் அச்சடித்த பெரியவர் அளவைப் பார்த்துப் பதறவும் வேண்டாம்.

ஸ்கேனுக்குப் பிள்ளை நான்கு மணி நேரம் பட்டினி இருக்க வேண்டும். குடித்தவுடன் பித்தப்பை சுருங்கிவிடும், 'பித்தப்பை தெரியவில்லை' என்று வீணாக எழுதிவருவார்கள். பட்டினியிலும் பித்தப்பை இல்லை, அல்லது சுருங்கிக் கோணலாக இருக்கிறது, ஈரல் வாசலில் முக்கோணமாக ஒரு வெள்ளைத் திட்டு தெரிகிறது என்றால் சந்தேகம் வலுக்கும். ஆனால் நல்ல பித்தப்பை தெரிகிறது என்பதற்காக நோய் இல்லை என்று சொல்லவே கூடாது. பித்தநாளத்தில் பை போல் வீக்கம் தெரிந்தால் அது கொலிடோக்கல் சிஸ்ட். அதுவும் ஒப்பரேஷன்தான், ஆனால் வேறு ஒப்பரேஷன். ஸ்கேனின் பெரிய பயன் உண்மையில் இதுவே. மண்ணீரல் பல துண்டாக இருக்கிறதா, இதயமும் ஈரலும் பக்கம் மாறியிருக்கின்றனவா என்றும் கேட்டுவிடுங்கள். பிலியரி அட்ரீசியாப் பிள்ளைகளில் பத்தில் ஒன்று அப்படி.

ஹைடா ஸ்கேனில், அதாவது கதிரியக்க மருந்தை ஏற்றி அது பித்தநீரோடு போவதைப் பார்க்கும் படத்தில், மருந்து குடலுக்கு இறங்கினால் நாளம் திறந்திருக்கிறது, நிம்மதி. இறங்காவிட்டால் ஒன்றும் உறுதியில்லை, கடுமையான ஈரல் அழற்சியிலும் இறங்காது. அதற்கு முன் ஐந்து நாள் பினோபாபிட்டோன் என்ற மருந்தைக் கொடுக்கும் வழக்கம் உண்டு. 25ஆம் நாள் பிள்ளைக்கு அந்த ஐந்து நாளைச் செலவழிக்கலாம். 52ஆம் நாள் பிள்ளைக்கு நான் செலவழிக்க மாட்டேன், நேராகச் சத்திரசிகிச்சை நிபுணரைக் கூப்பிடுவேன். ஈரலில் ஊசியால் எடுக்கும் துணுக்கில் பித்தநாளங்கள் பெருகி, பித்தக்கட்டிகள் தெரிந்தால் அடைப்பு. பெரிய பல்கருச் செல்கள் நிறைந்தால் ஈரல் அழற்சி. மிகவும் முன்னதாக எடுத்த துணுக்கு குழப்பலாம், அப்போது திரும்ப எடுப்பார்கள். கடைசித் தீர்ப்பு ஒப்பரேஷன் மேசையில்தான்: பித்தப்பைக்குள் சாயம் ஏற்றி எக்ஸ்றே எடுத்து, சாயம் இரண்டு பக்கமும் ஓடுகிறதா என்று பார்ப்பது.

அட்ரீசியா போல வேஷம் போடுபவை

இவற்றில் அலஜில் நோய்க்குறி மிக ஆபத்தான வேஷக்காரன். மலம் வெளுக்கும், ஜி.ஜி.டி வானத்துக்கு ஏறும், ஹைடாவில் மருந்து இறங்காது. ஆனால் ஈரலுக்குள்ளே பித்தநாளங்களே குறைவு, கசாய் ஒப்பரேஷன் செய்தால் நன்மையில்லை, நிலைமை மோசமாகலாம். ஸ்டெதஸ்கோப்பை வைத்து இதயத்தில் முணுமுணுப்புக் கேட்கிறதா பாருங்கள், நுரையீரல் தமனியின் கிளைகள் குறுகியிருக்கும். நெஞ்சு எக்ஸ்றேயில் முள்ளெலும்பு வண்ணத்துப்பூச்சி மாதிரி பிளந்திருக்கிறதா? கண் வைத்தியரிடம் ஒரு பார்வை, கருவிழி ஓரத்தில் வெள்ளைக்கோடு. அகன்ற நெற்றி, உள்வாங்கிய கண், கூர்ந்த நாடி என்று பாடநூல் சொல்லும் முகம் முதல் மாதத்தில் தெளிவாகத் தெரியாது. அதனால் நான் பிள்ளையின் முகத்தைவிட அப்பா அம்மாவின் முகத்தைத்தான் அதிகம் பார்ப்பேன். பெற்றோரில் ஒருவரிடமிருந்து வரக்கூடிய நோய் இது. 'உங்களுக்குச் சின்ன வயதில் இதயத்தில் ஏதோ சத்தம் என்று சொன்னார்களா?' என்ற கேள்விக்குத் தகப்பன் தலையாட்டிய அனுபவம் உண்டு.

அடுத்தது குடும்பக்கதை. நம் பக்கம் மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டுவது வழக்கம். அதைக் குற்றமாகக் கேட்காமல், "சொந்தத்துலயா கட்டினீங்க?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். "முதல் பிள்ளை மஞ்சளில் போயிட்டுது" என்று அடுத்த வாக்கியம் வந்தால் பரம்பரைக் குடும்பப் பித்தத்தேக்கங்களை, பி.எஃப்.ஐ.சி என்று சொல்லும் கூட்டத்தை, நினைக்க வேண்டும். இங்கே ஜி.ஜி.டி-தான் வழிகாட்டி. பித்தத்தேக்கம் இருந்தும் ஜி.ஜி.டி சாதாரணமாகவோ குறைவாகவோ இருந்தால் அது அட்ரீசியாவாக இருப்பது அரிது, முதல் இரண்டு வகை பி.எஃப்.ஐ.சி பக்கம் போங்கள். மூன்றாவது வகையில் மட்டும் ஜி.ஜி.டி கூடும். சொறி முதல் மாதத்தில் தெரியாது, சில மாதம் போனபின் பிள்ளை உறங்காமல் காதையும் கண்ணையும் கீறிக்கொள்ளும். கர்ப்பத்தில் தாய்க்கு உள்ளங்கையில் தாங்க முடியாத அரிப்பு இருந்ததா என்றும் கேளுங்கள், மரபணு அங்கேயும் தடயம் விட்டிருக்கும். ஜி.ஜி.டி குறைவு, இரத்தத்தில் பித்த அமிலமும் குறைவு, சொறியும் இல்லை என்றால் பித்த அமிலம் உண்டாக்கும் நொதியில் குறை. அரிதுதான், ஆனால் கொலிக் அமிலம் வாயால் கொடுத்தே சரிப்படுத்தக்கூடியது என்பதால் மறக்கக் கூடாது.

கருவிலேயே வரும் தொற்றுகளில் சி.எம்.வி (சைட்டோமெகலோ வைரஸ்) முதன்மை. எடை குறைவு, சிறிய தலை, பெரிய மண்ணீரல், தோலில் சிவப்புப் புள்ளிகள். சி.எம்.வி-க்கான சிறுநீரைப் பிறந்து மூன்று வாரத்துக்குள் எடுத்தால்தான் கருவில் வந்ததா, பிறகு வந்ததா என்று சொல்ல முடியும். தாயிடமிருந்து பிள்ளைக்குச் சிபிலிஸ் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார அமைப்பு இலங்கைக்குச் சான்று கொடுத்துவிட்டது. என்றாலும் தாயின் கர்ப்பகாலக் கொப்பியில் அந்த முடிவு எழுதியிருக்கிறதா என்று ஒரு முறை புரட்டிப் பாருங்கள். சி.எம்.வி நேர்மறை என்று வந்துவிட்டதால் அட்ரீசியாவைக் கைவிட்டுவிடாதீர்கள். இரண்டும் ஒரே பிள்ளையில் இருக்கலாம், மலம் வெளுத்தால் தேடல் தொடர வேண்டும்.

ஈரல் உண்டாக்கும் ஒரு புரதம் குறையும் பரம்பரை நோயான அல்பா-1 அன்டிட்ரிப்சின் குறைபாட்டுக்குப் பாடநூலில் பெரிய இடம். அது வட ஐரோப்பிய வம்சத்தில் அதிகம், நம் பிள்ளைகளில் அரிது. மாதம் நிறையாமல் பிறந்து நாட்கணக்கில் இரத்தநாளம் வழியாக ஏற்றும் உணவிலேயே கிடந்த பிள்ளையின் மஞ்சளுக்கு அந்த உணவே பெரும்பாலும் காரணம், வாயால் பால் தொடங்கியதும் மெல்ல இறங்கும். ஆனால் அந்தப் பிள்ளையின் மலமும் வெளுத்தால் 'குறைமாதம்தானே' என்று காத்திருக்க வேண்டாம். எல்லாம் தேடியும் ஒன்றும் கிடைக்காத, மலத்தில் நிறம் வந்து வந்து போகும் பிள்ளைக்குத்தான் காரணம் தெரியாத ஈரல் அழற்சி என்று பெயர். அதில் பெரும்பாலோர் மாதக்கணக்கில் தேறிவிடுவார்கள்.

ட்ரான்ஸ்ஃபர்

சிறுவர் சத்திரசிகிச்சைக்கு மலையிலிருந்து பேராதனைச் சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை, இல்லையென்றால் கொழும்பு லேடி றிட்ஜ்வே. எல்லா முடிவும் வந்த பிறகு அனுப்பலாம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். நேரடி பிலிருபின் கூடியிருக்கிறது, மலம் வெளுத்திருக்கிறது என்ற இரண்டு போதும். அன்றே தொலைபேசியில் பேசுங்கள். தைரொயிட், தொற்று முடிவுகள் பின்னால் போய்ச் சேரட்டும்.

குடும்பம் தயங்கும். தகப்பனுக்கு அந்த வாரம் பேர் (நாட்கூலி) விழாது, மூத்த பிள்ளையை யார் பார்ப்பது, முன்பின் தெரியாத ஊர், சிங்களம் சரியாக வராது. கூடவே பக்கத்து லயத்தில் யாராவது கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கலாம், மந்திரித்துவிடலாம் என்பார்கள். பெரியவர்களின் மஞ்சள் காமாலை பலருக்குத் தானாகவே மாறிவிடும், பெயர் கீழாநெல்லிக்குப் போய்ச் சேரும். அடைபட்ட நாளம் அப்படித் தானாகத் திறக்காது. இதைத் திட்டிச் சொன்னால் இரவோடு இரவாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். "கோயில்ல கும்புடுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா நாளைக்குக் காலையில அம்புலன்ஸ்ல ஏறிருங்க" என்பதுதான் என் பேச்சு. பாட்டியை அழைத்து வெளுத்த மலத்தைப் பக்கத்துக் கட்டில் பிள்ளையின் மலத்தோடு வைத்துக் காட்டினால் பாதி வாதம் அங்கேயே முடியும்.

கடிதத்தில் முதல் வரியில் பிள்ளையின் நாள் கணக்கை எழுதுங்கள், நோயின் பெயரை அல்ல. '38ஆம் நாள், மலம் வெளுப்பு நானே பார்த்தேன், நேரடி பிலிருபின் 5.2, ஜி.ஜி.டி 480, வைட்டமின் கே கொடுத்தாயிற்று, கடைசியாகப் பால் குடித்தது காலை ஆறு மணி.' பிறந்த எடை, இன்றைய எடை, தாயின் இரத்தவகை, சொந்தத்தில் திருமணமா, முன்பு பிள்ளை இறந்ததா, இவையெல்லாம் அதற்குக் கீழே. தாயின் கைத்தொலைபேசி இலக்கத்தை மறக்காமல் எழுதுங்கள். மண்சரிவில் வீதி மூடினால் நாவலப்பிட்டியில் நிற்கும் அம்புலன்ஸை அதில்தான் தேட வேண்டியிருக்கும். துணியில் சுற்றிய அன்றைய மலத்தை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டுத் தாயின் கையிலேயே கொடுத்தனுப்புங்கள். அங்கே கையேற்கும் டொக்டர் முகம் சுளிப்பார், ஆனால் பிரித்துப் பார்ப்பார்.